ரைன் நதிக்கரையில் துட்டி கேட்ட கதை

கோணாங்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்வது பக்கத்து ஊர்க்காரர்களின் பழக்கம். நமக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுவோம்.

கோணாங்குளம் கடைத்தெருவில் மூன்று பம்புசெட் கடைகள் உண்டு. ஒன்று ஆவுடையப்பனுடையது. அதற்கு எதிரே குற்றாலிங்கத்தின் கடை, பக்கத்தில் பிச்சாண்டியின் கடை. அந்த வருஷம் அதிக மோட்டார் விற்பவர்களை ஜெர்மனிக்குச் சுற்றுலா அனுப்புவதாகக் கம்பெனி அறிவித்தது. உடனே ஆவுடையப்பன் தன் மோட்டார்களைப் பிச்சாண்டிக்கு விற்றார். பிச்சாண்டி அவற்றைக் குற்றாலிங்கத்துக்கு விற்றான். குற்றாலிங்கம் ஆவுடையப்பனுக்கே விற்றார். இப்படி ஆறு மாதம் நடந்தது. மோட்டார்கள் ஆவுடையப்பன் கடையை விட்டு ஒரு அடி நகரவில்லை. கம்பெனி அசந்துபோய் மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டது.

ஆவுடையப்பனுக்கு ஜெர்மனி பார்க்கும் ஆசை ஒன்றும் கிடையாது. அவர் கிளம்பியதற்குக் காரணம் வேறு.

அவர் மகள் கோமுவுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடி வந்திருந்தது. ஆனால் நிச்சயதார்த்தம் இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. முதல் தடவை மாப்பிள்ளையின் பெரிய தாத்தா காலமானார். இரண்டாம் தடவை ஆவுடையப்பனின் பங்காளி ஒருவர். மாப்பிள்ளையின் அம்மா சண்முகவடிவு தீட்டு விஷயத்தில் மகா கண்டிப்பு. "மூணாந் தடவையும் இப்படித் தட்டுச்சுன்னா, சாமிக்கே இந்தச் சம்பந்தம் பிடிக்கலைன்னு விட்டுருவோம் அண்ணாச்சி" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். கோமுவோ, "இந்த மாப்பிள்ளை இல்லைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்ப்பா" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஆவுடையப்பனுக்கு மகள் என்றால் உயிர். அவள் சாப்பிடாவிட்டால் அவருக்கும் சோறு இறங்காது.

புது முகூர்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை என்று குறித்தார்கள். அதுவரை யாரும் சாகாமல் இருக்க வேண்டும். கோணாங்குளத்தில் தெருவுக்கு நாலு சொந்தம். எந்த நேரம் எந்த வீட்டில் சங்கு ஊதுமோ? ஆவுடையப்பன் யோசித்தார். ஜெர்மனியில் நமக்குச் சொந்தக்காரர்கள் யாருமே கிடையாது. இல்லாத சொந்தக்காரர்கள் எப்படிச் சாக முடியும்? வெள்ளிக்கு முந்தின நாள் ஊர் திரும்பினால் போதும். பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "ஊர்ல எவன் செத்தாலும் எனக்குச் சொல்லாத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார்.

சென்னையில் வழியனுப்பிய கம்பெனி அதிகாரி ஒரே ஒரு புத்தி சொன்னார். "கைடு என்ன சொல்றாங்களோ அதை அப்படியே கேளுங்க."

கைடாக வந்தவள் வதனி. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜெர்மனியில் குடியேறியவள். சரித்திரக் கதை சொல்வதில் கெட்டிக்காரி. வேனில் ஏறியதும், "கூட்டம் கூடின இடம். ஒருத்தரை விட்டு ஒருத்தர் பிரியக்கூடாது, என்ன?" என்றாள்.

மூவரும் கையைக் கோர்த்துக்கொண்டார்கள். ஹோட்டல் வாசலில் சுழலும் கண்ணாடிக் கதவு இருந்தது. ஒரு தடுப்புக்குள் ஒரு ஆள்தான் நிற்கலாம். இவர்கள் மூன்று பேரும் ஒரே தடுப்புக்குள் நுழைந்தார்கள். நடுவில் இருந்த பிச்சாண்டி வெளியே வர வேண்டுமானால் முன்னால் இருந்த குற்றாலிங்கம் தனியாக வெளியேற வேண்டும். அது பிரிவாகிவிடும். ஆகவே சுற்றிக்கொண்டே இருந்தார்கள். வதனி வந்து கதவை நிறுத்தி மூன்று பேரையும் சேர்த்து இழுத்தாள்.

முதல் நாள் பெரிய தேவாலயம். உள்ளே போனதும் ஆவுடையப்பனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கண்ணாடி ஜன்னல் வழியே வண்ண வண்ணமாக வெளிச்சம் விழுந்தது. அந்தச் சமயம் பார்த்து வதனி தரையைக் காட்டினாள்.

"இப்ப நீங்கள் நிக்கிறது பிஷப்மாரின்ர கல்லறைக்கு மேல. இவர் நஞ்சு குடிச்சுச் செத்தவர். அவர் குதிரையில இருந்து விழுந்தவர். அந்தா, அவர் பாவம், சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்கையே..."

ஆவுடையப்பன் சட்டென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். சாவு என்றால் பயந்து கடல் தாண்டி வந்தால், இங்கே தரை முழுக்கச் சாவாக இருக்கிறது.

"குற்றாலிங்கம், இது துட்டியில சேருமாவே?" என்று காதோரம் கேட்டார். சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதைத் துட்டி கேட்பது என்பார்கள் நெல்லைப் பக்கம். குற்றாலிங்கம் அந்த விவகாரங்களில் சட்டம் படித்தவர் மாதிரி பேசுவார்.

"எப்பம் செத்தாவன்னு முதல்ல கேப்போம்."

"ஐந்நூறு வருசத்துக்கு முன்னம்" என்றாள் வதனி.

"அது பரவால்லையே!" என்று பிச்சாண்டி மூச்சு விட்டான்.

"என்ன பரவால்ல?" என்றார் குற்றாலிங்கம். "அவுக எப்பம் செத்தாலும் நமக்குத் தகவல் இப்பத்தான வருது? தகவல் வந்த நேரத்துல இருந்துதான் கணக்கு. பம்பாய்ல இருந்த எங்க சித்தப்பா செத்து மூணு மாசம் கழிச்சுத் தந்தி வந்துச்சு. அன்னைக்குத்தான தலை முழுகினோம்?"

"அப்பம் தீட்டா?" என்றார் ஆவுடையப்பன்.

"அன்னியருதான. கேட்டவுடனே தலை முழுகிட்டாத் தீர்ந்துரும்."

"ஆளுக்கு ஒரு முழுக்கா, எல்லாருக்கும் சேத்து ஒரு முழுக்கா?"

குற்றாலிங்கம் கண்ணை மூடி யோசித்தார். "தனித்தனியாச் சொல்லியிருந்தா தனித்தனியா முழுகணும். ஒரே மூச்சுல சொன்னதால மொத்தமா ஒண்ணு போதும்."

தேவாலய வாசலில் ஒரு பெரிய நீரூற்று. நடுவில் கல்மீன்கள் வாயிலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தன. வதனி தேநீர் வாங்கப் போயிருந்த நேரம். மூவரும் கையைக் கோர்த்தபடியே, சட்டை பேண்டோடு இறங்கி மொத்தமாக ஒரு முழுக்குப் போட்டார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகக் குத்தியது. பிச்சாண்டிக்குப் பல் தந்தியடித்தது. அந்த நிலையிலும் குற்றாலிங்கம் மீனின் வாயில் கையை வைத்துப் பார்த்து, "ஒண்ணரை ஹெச்.பி. தான் ஓடுது. இன்னும் ஒண்ணு போட்டாத்தான் மேல வரும்" என்று குறை சொன்னார்.

சுற்றி நின்ற பயணிகள் இது ஏதோ நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒரு காவல்காரர் மட்டும் கைதட்டவில்லை. வதனி ஓடிவந்து அவரிடம் கெஞ்சி, ஈரக் கோழிகளை மாதிரி மூவரையும் வேனுக்குள் தள்ளினாள்.

"ஏன் ஐயா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"நீங்க ஒவ்வொருத்தரையா சாகடிச்சா நாங்க என்னம்மா செய்யது?" என்றார் ஆவுடையப்பன். வதனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. குளிரில் மூளை கலங்கிவிட்டது என்று முடிவுசெய்து, வேனில் ஹீட்டரைக் கூட்டினாள்.

மறுநாள் காலை ஆவுடையப்பன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு கிளம்பினார். கேட்டால்தானே தீட்டு? வழியில் ஒரு கடையில் பச்சை நிறத்தில் கம்பளிச் சால்வை ஒன்று கண்ணில் பட்டது. சம்பந்தியம்மாளுக்கு என்று ஆசையாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குப் பார்க்கப் போனது ரைன் நதிக்கரை மேட்டில் ஒரு கோட்டை. அதன் பெயரைக் கோணாங்குளத்தில் இன்றுவரை யாரும் சரியாகச் சொன்னதில்லை. மேட்டுக்கோட்டை என்று நாமும் வைத்துக்கொள்வோம். வாசலில் நின்று வதனி மூன்று விஷயம் சொன்னாள்.

"முதலாவது, அண்ணை, காதில இருக்கிற பஞ்சை எடுங்கோ."

பஞ்சுக்குள்ளே அது பாதிதான் கேட்டது. ஆனாலும் கைடு சொன்னதை அப்படியே கேட்க வேண்டுமே. ஆவுடையப்பன் கலங்கிய கண்ணோடு பஞ்சை எடுத்தார்.

"ரெண்டாவது, உள்ளுக்க ஒண்டையும் தொடப்படாது. மூண்டாவது, இண்டைக்கு நீங்கள் சுற்றுலாக்காரர் இல்லை. இந்தப் பிரபு குடும்பத்தில ஒரு ஆள் எண்டு நினைச்சுக்கொண்டு உள்ள வாங்கோ."

முதல் அறைக்குப் போவதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. வதனி டிக்கெட் வாங்க வரிசையில் நின்றாள்; கதவு சாத்தியிருந்தது, தொடக்கூடாது. மூவரும் கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஏம் அண்ணாச்சி, தரைய மட்டும் தொட்டுக்கிட்டு நிக்கோமே, அது தப்பில்லையா?" என்றான் பிச்சாண்டி.

"தரையைச் செருப்புதாம்ல தொடுது" என்றார் குற்றாலிங்கம். பின்னால் வந்த ஒரு ஜெர்மன் கிழவி கதவைத் திறந்தாள். மூவரும் அவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

அது ஒரு படுக்கையறை. சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் திரை போட்ட கட்டில். சுவரில் மீசைக்காரப் பிரபு ஒருவரின் படம். டிக்கெட்டோடு வந்து சேர்ந்த வதனி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இது மார்கரேத்தா எண்ட பிள்ளையின்ர அறை. தெற்கில தூர தேசத்தில இருந்து கலியாணம் கட்டி வந்தவள். வந்த வருசமே புருசன் சண்டைக்குப் போயிட்டார். ஒவ்வொரு நாளும் இந்த யன்னல்ல விளக்கேத்தி வச்சு வழி பாத்தவளாம். பிறகு காய்ச்சல் வந்து இந்தக் கட்டில்லயே போயிட்டாள். இருபத்திரண்டு வயசு. அவளின்ர தாய் வீட்டில இருந்து ஒருத்தரும் வரேல்லை. செத்த வீட்டுக்கும் வரேல்லை."

சொல்லும்போது அவள் கண்ணே நிறைந்துவிட்டது. பிச்சாண்டி ஓவென்று அழ ஆரம்பித்தான். இருபத்திரண்டு, கோமுவின் வயசு. ஒரு நிமிஷம் ஆவுடையப்பன் தீட்டையே மறந்துவிட்டு அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குற்றாலிங்கம் மறக்கவில்லை. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணாச்சி, மோசம் போனோம். பிரபு குடும்பத்துல ஒரு ஆளுன்னு நெனச்சுக்கிட்டு உள்ள வரச் சொன்னாளா?"

"ஆமா, நானும் நெனச்சேனே."

"நெனச்சிட்டியளா? அப்பம் நாம அன்னியர் இல்ல. பிரபுவுக்குப் பங்காளி. இது தலை முழுகித் தீராது. பதினாறு நாள் தீட்டு."

ஆவுடையப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. கோமு தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்திருக்கும் காட்சி கண் முன்னால் வந்தது. "எம் பிள்ள வாழ்க்கைய ஒரு கட்டிலு கெடுத்துட்டே!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"நெனச்சதைத் திருப்பி எடுத்துக்கிட்டா?" என்றான் பிச்சாண்டி.

"சொந்தத்தைத் திருப்பி எடுக்க முடியுமால? அது என்ன மோட்டாரா?"

மூவரும் தலையைக் குனிந்து யோசித்தார்கள். பின்னால் பத்துப் பதினைந்து பயணிகள் நகர முடியாமல் காத்து நின்றார்கள். கடைசியில் குற்றாலிங்கம்தான் தொடையைத் தட்டினார்.

"ஒரு வழி இருக்கு. குடும்பத்துல ஒரு ஆளுன்னுதான சொன்னா, எந்தப் பக்கம்னு சொல்லலியே? பெண்ணு வீட்டுக்காரனும் குடும்பம்தான? தாய் வீட்டுல இருந்து ஒருத்தரும் வரலைன்னு அவளே சொல்லிட்டா. அந்த எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நாம அங்க போயிருவோம். கெட்டிக் குடுத்த பொண்ணு செத்தா அண்ணன்மாருக்குத் தலை முழுக்கோட சரி."

"அப்பம் அந்தப் பிள்ள நமக்குத் தங்கச்சியா?"

"தங்கச்சிதான்."

ஆவுடையப்பனுக்கு உயிர் வந்தது. ஆனால் தங்கச்சி என்று ஆனதும் மனசு வேறு மாதிரி ஆகிவிட்டது. பிறந்த வீட்டுக்காரன் துட்டி வீட்டில் சும்மா நிற்க முடியுமா? செத்தவள் மேல் புதுசாகக் கோடித் துணி போட வேண்டாமா? எங்கள் பிள்ளை எப்படிச் செத்தாள் என்று நாலு வார்த்தை கேட்க வேண்டாமா?

பையைத் திறந்தார். கோடி போட அந்தப் பச்சைச் சால்வைதான் இருந்தது. சம்பந்தியம்மாளுக்கு வாங்கியது. கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். பிறகு, எதையும் தொடக்கூடாது என்பதால், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே குறி பார்த்து வீசினார். சால்வை விரிந்து பறந்துபோய்க் கட்டிலின் நடுவில் அழகாக விழுந்தது.

உடனே கோட்டை முழுவதும் அபாய மணி அலறியது.

"பரவால்லையே, சங்குக்கெல்லாம் ஏற்பாடு பண்ணி வச்சிருக்காவ" என்றார் குற்றாலிங்கம்.

ஆவுடையப்பன் பிரபுவின் படத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். "ஏய்யா, பொண்ணைக் கெட்டிட்டு வந்தா அது மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டாமா? அப்படி என்னய்யா சண்டை உமக்கு? ஒரு வைத்தியனைக் கூட்டிட்டு வர இந்த வீட்டுல ஒரு நாதி இல்லாமப் போச்சா? எங்க வீட்டுல இருந்திருந்தா இப்படிச் சாகவிட்டிருப்போமா?" பிச்சாண்டி மாரில் அடித்துக்கொண்டான். கதவு திறந்துவிட்ட ஜெர்மன் கிழவிக்கு விவரம் ஒன்றும் தெரியாவிட்டாலும், அவளும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள்.

காவலர்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டும் வீட்டுச் செருப்புமாக ஒரு வயசாளி வந்தார். வதனிக்கு அவரைத் தெரியும். பிரபு பரம்பரையில் மிச்சம் இருப்பவர் அவர்தான், கோட்டையின் பின்கட்டிலேயே குடியிருக்கிறார். என்ன இது என்று கேட்டார். அவள் திக்கித் திணறி, "மார்கரேத்தாவின்ர தாய் வீட்டு ஆக்களாம். செத்த வீடு விசாரிக்க வந்திருக்கினம்" என்பதை ஜெர்மன் மொழியில் சொல்லிவைத்தாள்.

பெரியவர் கட்டிலில் கிடந்த பச்சைச் சால்வையைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த பிச்சாண்டியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"மன்னிச்சுக்கொள்ளச் சொல்லுறார்" என்றாள் வதனி. அவள் குரலும் சரியில்லை. "தங்கட ஆக்கள் அவளை வடிவாப் பாத்துக்கொள்ளேல்லையாம். இவ்வளவு காலமும் அவளைக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லையாம்."

ஆவுடையப்பனுக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. துட்டி வீட்டில் ஆண்கள் கையைத் தொட்டுத் துக்கம் கேட்பது வழக்கம். தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே! அவர் பெரியவரின் கைக்கு மேலே, படாமல், தன் கையைக் காற்றிலேயே வைத்திருந்து எடுத்தார். பெரியவரும் அதே மாதிரி செய்தார்.

பெரியவர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். கையசைத்தார். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. ஆகவே மூவரும் கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, முற்றத்து நீரூற்றில் தலை முழுகிவிட்டு வேன் ஏறினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கோணாங்குளத்தில் யாரும் சாகவில்லை. ஆவுடையப்பன் வீட்டு முன்னால் பந்தல் போட்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கோமு பட்டுச் சேலையில் சிரித்துக்கொண்டு நின்றாள். நடந்ததைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று மூவரும் பேசி வைத்திருந்தார்கள். தாம்பாளம் மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

சண்முகவடிவு சும்மா பேச்சுக்குக் கேட்டாள். "அண்ணாச்சி, ஜெர்மனியில என்னெல்லாம் பாத்திய?"

ஆவுடையப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டார். தேவாலயம் என்றால் பிஷப்புகள். கோட்டை என்றால் தங்கச்சி. சாவில்லாமல் அவர்கள் அங்கே பார்த்தது சுழலும் கதவு ஒன்றுதான்.

"ஒண்ணும் பாக்கல மயினி."

"அம்புட்டுத் தூரம் போயி ஒண்ணுமே பாக்கலையா?" அவள் புருவம் ஏறியது. குற்றாலிங்கத்தைப் பார்த்தாள். அவர் பந்தல்காலைப் பார்த்தார். பிச்சாண்டியைப் பார்த்தாள். பிச்சாண்டியின் உதடு துடித்தது.

"மயினி, அந்தப் பிள்ள செத்துப் போச்சு மயினி!" என்று அவன் கதறிவிட்டான்.

இனி மறைக்க வழியில்லை. ஆவுடையப்பன் கண்ணீரோடு ஜன்னல், விளக்கு, காய்ச்சல் எல்லாவற்றையும் சொன்னார். பச்சைச் சால்வையையும் சொன்னார். சண்முகவடிவு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தங்கச்சின்னா எனக்கும் தங்கச்சிதான அண்ணாச்சி. சால்வை போட்டதுதான் சரி. தாய் வீட்டுக் கோடி இல்லாமப் பாவம் எப்படிக் கெடந்தாளோ?" என்றவள் திடீரென்று நிமிர்ந்தாள். "ஆனா இப்பம் எனக்கும் தெரிஞ்சு போச்சே! இங்க இருக்க எல்லாருக்குந் தெரிஞ்சு போச்சே!"

கோமுவின் முகம் வாடியது. ஆவுடையப்பன் குற்றாலிங்கத்தைப் பார்த்தார்.

"தலை முழுக்கோட சரி மயினி" என்று குற்றாலிங்கம் அவசரமாகச் சொன்னார்.

"முகூர்த்தத்துக்கு நேரம் இல்லையே!"

அவ்வளவுதான். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, ஐயர், நாதஸ்வரக்காரர், சமையல்காரர் எல்லாரும் எழுந்து குளத்துக்கு ஓடினார்கள். தொபுக்கு தொபுக்கென்று விழுந்து முழுகினார்கள். கரையேறப் போன சமயம் சண்முகவடிவு கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினாள்.

"யாரும் ஏறாதிய! கரைக்குப் போனா மறுபடி எவனாவது எதையாவது சொல்லுவான், மறுபடி முழுகணும். தாம்பாளத்தை இங்கயே கொண்டாங்க."

கழுத்தளவு தண்ணீரில் ஐயர் மந்திரம் சொன்னார். வெற்றிலை மிதந்து போனதை மாப்பிள்ளை நீந்திப் பிடித்து வந்தார். கோமுவின் முகத்தில் ஈரத்தோடு ஈரமாகச் சிரிப்பு பொங்கியது. தாம்பாளம் கைமாறும் நேரம் சண்முகவடிவுக்கு ஒரு யோசனை வந்தது.

"அண்ணாச்சி, தண்ணிக்குள்ளதான நிக்கோம். அந்த ஊர்ல வேற யாரும் செத்திருந்தா, அதையும் இப்பமே சொல்லி முடிச்சிருங்க."

ஆவுடையப்பன் தாம்பாளத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நஞ்சு குடித்த முதல் பிஷப்பிலிருந்து ஆரம்பித்தார்.